ராபர்ட் வைட்

ராபர்ட் வைட் (ஜூலை 6, 1796 – மே 26, 1872) ஸ்காட்லாந்தில் பிறந்து, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னை மாகாணத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் பணியாற்றிய தாவரவியலாளர் ஆவார். தென்னிந்தியாவின் பூக்கும் தாவரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்களை முதன்முதலாக விவரித்துப் பெயரிட்டவர்களுள் இவர் முதன்மையானவர். தூத்துக்குடி, திருநெல்வேலி, இராமநாதபுரம் மாவட்டங்களின் வறண்ட நிலத்தில் குடை விரித்தாற்போல் நிற்கும் உடை மரத்துக்கு அறிவியல் உலகில் தனி இடம் கிடைத்தது இவரும் இவருடைய நண்பர் ஜார்ஜ் வாக்கர் ஆர்னட்டும் 1834-ல் வெளியிட்ட நூலின் வழியாகவே.

இளமையும் சென்னை வருகையும்

வைட் ஸ்காட்லாந்தின் கிழக்கு லோதியன் பகுதியில் பிறந்தார். எடின்பரோவில் பள்ளிக் கல்வியை முடித்து, அந்நகரப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1818-ல் பட்டம் பெற்றார். அக்காலத்தில் மூலிகைகளை இனங்காண்பது மருத்துவப் படிப்பின் ஒரு பகுதியாக இருந்தது. மருத்துவர்களே தாவரவியலாளர்களாகவும் விளங்கியமைக்கு இதுவே காரணம். 1819-ல் கம்பெனியின் உதவி அறுவை மருத்துவராகச் சென்னைக்கு வந்தார்.

இவர் வந்தபோது தென்னிந்தியத் தாவரவியல் வெற்றிடமாக இருக்கவில்லை. தரங்கம்பாடியில் டேனிய சமயப் பணியைச் சார்ந்தவர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் செடிகளைச் சேகரித்து வந்தனர். லின்னேயசின் மாணவரான கோனிக் 1768-ல் அங்கு வந்தவர். அவருக்குப் பின் ராட்லர், கிளைன், ஹைன் முதலியோர் அப்பணியைத் தொடர்ந்தனர். எனினும் அவர்கள் கண்டறிந்தவற்றில் பெரும்பகுதி உலர்த்திய செடிகளாகவும் கையெழுத்துக் குறிப்புகளாகவும் மட்டுமே கிடந்தது. ஒரே செடி மூன்று பெயர்களிலும், மூன்று செடிகள் ஒரே பெயரிலும் வழங்கின. இக்குழப்பத்தைத் தீர்ப்பதே வைட்டின் வாழ்நாள் பணியாக அமைந்தது.

1826-ல் இவர் சென்னை அரசின் இயற்கையியலாளராக நியமிக்கப்பட்டார். படைப்பிரிவு மருத்துவருக்குக் கிடைத்தற்கரிய வாய்ப்பு இது. ஆனால் இரண்டே ஆண்டுகளில், 1828-ல், ஆளுநர் லஷிங்டன் அப்பதவியை ஒழித்தார். அதுவரை சேர்ந்திருந்த தொகுப்புகள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. வைட் நாகப்பட்டினத்துக்கு மருத்துவராக மாற்றப்பட்டார். அரசின் ஆதரவு நின்றபின்னும் தம் சொந்தச் செலவில் உள்ளூர்ச் சேகரிப்பாளர்களையும் ஓவியர் ஒருவரையும் அமர்த்தித் தொடர்ந்து செடிகளைத் திரட்டினார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த வில்லியம் ஜாக்சன் ஹூக்கருடன் கடிதத் தொடர்பு ஏற்பட்டதும் இக்காலத்தில்தான்.

1834-ஆம் ஆண்டு நூல்

1831-ல் மூன்றாண்டு விடுப்பில் தாயகம் திரும்பியபோது, ஏறத்தாழ ஒரு இலட்சம் உலர்செடி மாதிரிகளை இவர் உடன் கொண்டு சென்றார். அவற்றின் எடை இரண்டு டன் எனக் கூறப்படுகிறது. கல்லூரிக் கால நண்பரான ஆர்னட்டுடன் அமர்ந்து அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். அதன் விளைவாக 1834-ல் இந்தியத் தீபகற்பத் தாவரங்களின் முன்னோடி விவரண நூலான புரோட்ரோமஸ் வெளிவந்தது. திட்டமிட்டபடி தொடராமல் முதல் தொகுதியுடன் நின்றுபோன நூல் இது. ஆயினும் தென்னிந்தியத் தாவர வகைப்பாட்டை மாற்றிய நூல் எனத் தயங்காமல் கூறலாம்.

லின்னேயசின் முறையில் பூவின் மகரந்தத்தாள்களையும் சூல்தண்டுகளையும் எண்ணி வகுப்பு பிரிப்பர். எளிதான முறைதான், ஆனால் தொடர்பில்லாத செடிகள் ஒரே வகுப்பில் விழுந்துவிடும். வைட்டும் ஆர்னட்டும் அதைக் கைவிட்டு, இலை, பூ, காய், விதை என முழுச் செடியின் ஒப்புமையையும் நோக்கும் இயற்கை முறையைப் பின்பற்றினர். பிரெஞ்சு, சுவிஸ் அறிஞர்கள் வளர்த்த முறை அது. இந்தியாவின் ஒரு பகுதிக்கு அதை விரிவாகப் பயன்படுத்தியதில் இந்நூல் முன்னோடி ஆகும்.

வேல மரங்களும் உடை மரமும்

இம்முறை எவ்வாறு பயன்பட்டது என்பதை விளக்கத் தூத்துக்குடிச் சுற்றுப்புறத்தின் வேல மரங்களைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேறில்லை. முத்துக்குளித்துறை எனப் பெயர்பெற்ற இக்கரையில் கடலோர மணலைத் தாண்டி உள்ளே சென்றால் கரிசலும், திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் செம்மணல் தேரியும் விரியும். வடகிழக்குப் பருவமழையை நம்பிய வறண்ட நிலம். இங்கு கருவேல், வெள்வேல், உடை முதலியவை அருகருகே வளர்கின்றன. மூன்றிலும் முள், மூன்றிலும் நுண்ணிய சிற்றிலைகள், மூன்றிலும் பஞ்சுருண்டை போன்ற பூத்திரள். ஊரார் தொலைவிலிருந்தே பிரித்தறிவர். ஆனால் உலர்த்தித் தாளில் ஒட்டிய ஒரு சாண் கிளையைக் கொண்டு பிரிப்பது எளிதன்று.

கருவேலின் பூவுருண்டை பொன்மஞ்சள் நிறமுடையது. காய் தட்டையானது, விதைக்கு விதை இடை ஒடுங்கி, கோத்த மணிமாலை போலத் தொங்கும். வெள்வேலின் பட்டை வெளிறியது. அதன் பூவுருண்டைகள் கிளை நுனியில் பெரிய கூட்டுப் பூங்கொத்தாக அமையும். காய் நீண்டு குறுகிச் சற்றே வளைந்திருக்கும். உடையின் பூவுருண்டைகளோ வெண்மையானவை, இலைக்கோணத்திலேயே தோன்றுபவை. காய் தடித்து, உருண்டு, வளையம்போல் வளைந்தது. முள்ளிலும் வேறுபாடு உண்டு. ஒரே கிளையில் நீண்டு நேராகிய வெண்முள்ளும், குட்டையாகிக் கொக்கிபோல் வளைந்த முள்ளும் கலந்து வரும். ஆக, பூவின் நிறத்தை மட்டும் பார்த்தால் உடையும் வெள்வேலும் குழம்பலாம். பூக்கள் அமைந்த விதத்தையும் காயையும் சேர்த்துப் பார்த்தால் குழப்பம் இல்லை. உலர்ந்த மாதிரியில் பூவின் நிறம் மங்கிவிடும் என்பதால் காய் இல்லாத கிளை பாதிச் சான்றே ஆகும்.

வைட்டும் ஆர்னட்டும் இதனை அகேசியா பிளானிபிரான்ஸ் என வெளியிட்டனர். சிற்றினப் பெயர் தட்டையான முகப்பை உணர்த்துவது. மரத்தின் உச்சி குடைபோல் தட்டையாகப் பரந்திருப்பதை அது குறிக்கின்றது எனக் கொள்ளலாம். அங்ஙனமாயின், அப்பெயரில் உயிருள்ள மரத்தைக் கண்டவரின் அறிவும் சேர்ந்துள்ளது; ஏனெனில் தாளில் ஒட்டிய கிளை மரத்தின் உருவத்தைக் காட்டாது.

பரவலும் சான்றாக அமைகிறது. கருவேல் ஆப்பிரிக்கா முதல் இந்தியா வரை பரந்து காணப்படுவது. உடை மரமோ தமிழ்நாட்டின் தென்கோடி வறண்ட நிலத்தையும், கடலுக்கு அப்பால் இலங்கையின் வறண்ட பகுதியையும் இயல்பான இருப்பிடமாகக் கொண்டது. வல்லநாட்டு மலைச் சரிவின் புதர்க்காட்டில் இதனை இன்றும் காணலாம். ஆப்பிரிக்கப் புல்வெளிகளின் படங்களில் வரும் குடைமரமும் முதல் பார்வையில் இதுபோலவே தோன்றும். அதன் காய் தட்டையாகிச் சுருள்வில்போல் முறுக்கிக்கொள்வது. உடையின் காய் அவ்வாறு முறுக்குவதில்லை.

இம்மரத்தின் பெயர் பின்னர் மாறியது. 2005-ல் வியன்னாவில் கூடிய பன்னாட்டுத் தாவரவியல் மாநாட்டில், அகேசியா என்னும் பேரினப் பெயரை ஆஸ்திரேலிய மரங்களுக்கு ஒதுக்கும் முடிவு ஏற்கப்பட்டது. 2011-ல் மெல்போர்ன் மாநாட்டில் அது உறுதியானது. அதனால் உடை 2014 முதல் வாக்கெலியா பிளானிபிரான்ஸ் எனப்படுகிறது. பேரினம் மாறியபோதும் சிற்றினம் கலையவில்லை. வைட்டும் ஆர்னட்டும் வகுத்த எல்லை அப்படியே நிற்கிறது. அடைப்புக்குறிக்குள் அவர்கள் பெயரும் நிற்கிறது.

இன்று இம்மாவட்டங்களில் மிகுதியாகக் காணப்படும் சீமைக்கருவேல் வேறொரு பேரினத்தைச் சேர்ந்தது. வைட்டின் காலத்துக்குப் பின் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து பரவியது. பெயரில் கருவேல் இருந்தாலும் அதன் பூக்கள் உருண்டையாக அல்லாமல் நீண்ட கதிராக அமையும். மாணவர்கள் முதலில் நோக்கவேண்டிய அடையாளம் இதுவே. உடையும் விறகுக்கும் கரிக்கும் வெட்டப்படுவதால், சீமைக்கருவேல் நெருங்கிய இடங்களில் அதனைத் தேடிக் காண வேண்டியுள்ளது.

கண்டல் என்னும் பேரினம்

புரோட்ரோமசில் தனிப் பேரினமாக உயர்த்தப்பட்டவற்றுள் ஒன்று கண்டேலியா. உப்பங்கழிகளில் வளரும் கண்டல் மரங்களின் மலையாள, தமிழ்ப் பெயரே இலத்தீன வடிவம் பெற்றுள்ளது. லின்னேயஸ் இதனை ரைசோபோரா பேரினத்தில் அடக்கியிருந்தார். ரைசோபோராவின் பூவில் இதழ்கள் நான்கு. கண்டேலியாவில் பெரும்பாலும் ஐந்தோ ஆறோ இருக்கும், ஒவ்வொன்றும் மெல்லிய இழைகளாகப் பிளவுபட்டிருக்கும். மகரந்தத்தாள்களும் எண்ணற்றவை. இவ்வேறுபாடுகளே தனிப் பேரினத்துக்கு அடிப்படை.

நூற்றெழுபது ஆண்டுகளாக இப்பேரினத்தில் ஒரே சிற்றினம் உள்ளதாகவே கருதப்பட்டது. 2003-ல் ஆய்வாளர்கள் சீனா, ஜப்பான் கரைகளின் மரங்களை இந்திய மரங்களுடன் ஒப்பிட்டு, இலை வடிவம், குறுமயங்களின் எண்ணிக்கை, பரவல் மூன்றும் வேறுபடுவதைக் காட்டி, தென்சீனக் கடலுக்கு வடக்கே வளர்வதைத் தனிச் சிற்றினமாகப் பிரித்தனர். வைட்டின் தலைமுறைக்குக் குறுமயம் பற்றித் தெரியாது. மற்ற இரண்டு அளவுகோல்களும் அவர்கள் கையாண்டவையே.

பாளையங்கோட்டையும் நிலாவாரையும்

விடுப்பு முடிந்து 1834-ல் இந்தியா திரும்பிய வைட், பெல்லாரியில் இருந்த 33-ஆம் படைப்பிரிவில் சேர்ந்தார். பின்னர் அப்படைப்பிரிவு ஏறத்தாழ 700 மைல் நடந்து பாளையங்கோட்டைக்கு வந்தது. வைட் வழியெல்லாம் செடிகளைச் சேகரித்தார். ஸ்காட்லாந்தில் தாள்களின் நடுவே ஆராய்ந்து பெயரிட்ட தென்கோடி மரங்களின் நாட்டிலேயே இப்போது அவருக்குப் பணி. தூத்துக்குடி அங்கிருந்து ஒரு நாள், இரு நாள் பயணத் தொலைவே. டச்சுக்காரரிடமிருந்து 1825-ல் ஆங்கிலேயர் கைக்கு முழுமையாக வந்திருந்த அத்துறைமுகம், முத்தும் சங்கும் மட்டுமன்றித் திருநெல்வேலிச் சீமையின் பருத்தியும் நிலாவாரையும் கப்பலேறும் இடமாக வளர்ந்துகொண்டிருந்தது.

நிலாவாரை மலமிளக்கியாகப் பயன்படும் மூலிகை, ஆவாரையின் உறவு. ஐரோப்பிய மருந்துச் சந்தையில் எகிப்திலிருந்து வரும் அலெக்சாந்திரியா நிலாவாரையும், தூத்துக்குடி வழியாகச் செல்லும் திருநெல்வேலி நிலாவாரையும் இரு வேறு சரக்குகள். முன்னதன் சிற்றிலை சற்று அகன்றது. பின்னது குறுகி ஈட்டிபோல் நீண்டது. இதனைக் கொண்டு தாவரவியலாளர் பலர் இரண்டையும் தனித்தனிச் சிற்றினங்களாகக் கொண்டனர். ஆனால் பயிரிடப்படும் செடியில் இலையின் அகலம் மண்ணுக்கும் நீருக்கும் ஏற்ப மாறக்கூடியது. பூவிலும் காயிலும் உறுதியான வேறுபாடு காணப்படாமையால், பிற்கால வகைப்பாட்டாளர்கள் இரண்டையும் சென்னா அலெக்சாந்திரினா என்ற ஒரே சிற்றினமாக இணைத்துவிட்டனர். வணிகர்கள் மட்டும் பழைய இரு பெயர்களையும் விடவில்லை. உடை மரத்தின் கதைக்கு நேர் எதிரானது இது.

1836-ல் வைட் வருவாய்த் துறைக்கு மாற்றப்பட்டு, பருத்தி, புகையிலை, நிலாவாரை முதலிய விளைபொருள்களை ஆராய்ந்து அறிக்கை தரும் பணியில் அமர்ந்தார். அதே ஆண்டு பழனி மலைக்குச் சென்று அதன் தாவரங்களையும் நிலத்தையும் பற்றி எழுதிய கட்டுரை 1837-ல் சென்னை இதழொன்றில் வெளிவந்தது.

ஓவியர்கள்: ருங்கையா, கோவிந்து

1838-ல் தொடங்கி 1853-ல் முடிந்த ஐகோனிஸ் பிளான்டாரம் இண்டியே ஓரியன்டாலிஸ் வைட்டின் மிகப்பெரிய நூலாகும். ஆறு தொகுதிகள், 2,101 படத்தகடுகள். சென்னையிலேயே கல்லச்சில் அச்சிடப்பட்டது. கல்லச்சு நுட்பத்தை வைட் தாமே கற்றுக்கொண்டார். முதல் தொகுதிகளில் ராக்ஸ்பரோ சேகரித்த ஓவியங்களின் படிகளும் உள்ளன. இதனுடன் வண்ணப் படங்கள் கொண்ட இந்தியத் தாவரவியல் விளக்கங்கள், நீலகிரித் தாவரங்களைப் பற்றிய ஸ்பிசிலீஜியம் நீல்கெரென்ஸ் ஆகிய நூல்களையும் வெளியிட்டார்.

இப்படங்களை வரைந்தவர்கள் ருங்கையா, அவருக்குப் பின் கோவிந்து என்னும் தெலுங்கு ஓவியர்கள். இவர்களைப் பற்றிப் பெயரளவுக்கு மேல் தெரிவது மிகக் குறைவு. ஆயினும் வைட்டின் புகழில் பாதியாவது இவர்களுக்குரியது. காசித்தும்பை இனங்களை எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பல பத்துக் காசித்தும்பைச் சிற்றினங்கள் உள்ளன. அவற்றைப் பிரிப்பது பூவின் வால், சிறகிதழ்கள் ஆகியவற்றின் வடிவம். ஆனால் அப்பூ நீர்ச்சத்து மிக்கது. அழுத்தி உலர்த்தினால் கூழாகி ஒட்டிக்கொள்ளும். மலர்ந்திருக்கும்போதே, பூவைப் பிரித்து ஒவ்வோர் உறுப்பையும் வரைந்து வைத்தாலன்றி இனம் புலப்படாது. வேறெந்தச் சான்றும் தராத செய்தியை இங்கு ஓவியமே தருகிறது. தென்னிந்திய ஆர்க்கிட் ஒன்றுக்குக் கோவிந்துவின் பெயரால் கோவிந்தூயா என வைட் பேரினப் பெயரிட்டார். அக்காலத்தில் இந்திய ஓவியர் ஒருவருக்கு அரிதாகவே கிடைத்த சிறப்பு இது. அப்பேரினம் பின்னர் டிரோபிடியாவுடன் இணைக்கப்பட்டதால் அப்பெயர் வழக்கில் இல்லை.

கோயம்புத்தூர்ப் பருத்தி

1842 முதல் 1853 வரை வைட் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிடும் அரசுச் சோதனைகளுக்குப் பொறுப்பாளராக இருந்தார். மான்செஸ்டர் ஆலைகளுக்கு நீண்ட இழைப் பருத்தி தேவைப்பட்டது. தமிழ்நாட்டுக் கரிசலில் விளைந்த கருங்கண்ணியும் உப்பமும் குட்டை இழையுடையவை. அமெரிக்கப் பருத்தி தனிச் சிற்றினம். அதன் பூவடிச்செதில்கள் பெரியவை, ஆழமாகப் பல் வெட்டுக் கொண்டவை. கருங்கண்ணியின் செதில்கள் குறுகியவை, ஏறத்தாழ வெட்டில்லாதவை. அமெரிக்கப் பருத்திக்கு 52 குறுமயங்கள், நாட்டுப் பருத்திகளுக்கு 26 என்பது இருபதாம் நூற்றாண்டில் தெளிவாயிற்று.

இச்சோதனைகள் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. மழைக்காலத்தின் போக்கும் உழவர்க்குக் கிடைத்த விலையும் அமெரிக்கப் பருத்திக்குச் சாதகமாக இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியப் பருத்தி வந்த பின்னரே அமெரிக்க இனப் பருத்தி தமிழ்நாட்டில் வேரூன்றியது. வைட்டின் வாழ்வில் பதினோர் ஆண்டுகளை விழுங்கிய இப்பணியைவிட, ஓய்வு நேரத்தில் அவர் செய்த தாவரவியல் பணியே நிலைத்தது.

முகவரி இல்லாத மாதிரிகள்

வைட்டின் மாதிரிகளைப் பயன்படுத்துவோர் அனைவரும் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு ஒன்றுண்டு. 1866-67-ல் கியூ தோட்டத்தின் வழியாக அவருடைய மாதிரிகளின் மிகுதிப் படிகள் உலகின் பல உலர்தாவரகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. அவற்றில் ஒட்டிய அச்சுச்சீட்டில் இடம் என்ற பகுதியில் கிழக்கிந்தியத் தீபகற்பம் என்று மட்டுமே உள்ளது. தூத்துக்குடிக் கடற்கரையில் பறித்ததும், நீலகிரி உச்சியில் பறித்ததும் ஒரே சீட்டுடன் கிடக்கின்றன.

நெருங்கிய இரு சிற்றினங்கள் உருவத்தால் பிரிக்க முடியாத நிலையில் இருக்கும்போது, எங்கு பறித்தது என்பதே முடிவான சான்றாகும். மலைச்செடியா, கடற்கரைச் செடியா, மேற்குச் சரிவா, கிழக்குச் சரிவா என்பது தெரிந்தால் பாதிக் கேள்வி தீர்ந்துவிடும். அச்சீட்டுகள் அச்சான்றை அழித்துவிட்டன. ஒரு சிற்றினத்தின் பெயருக்கு அடிப்படையான வகைமாதிரியே இவ்வாறு இருக்கும்போது சிக்கல் மேலும் பெரிதாகும். அச்செடியை மீண்டும் தேட எந்த மலைக்குச் செல்வது என்பதற்கே விடை இருக்காது. வைட்டின் சொந்தத் தொகுப்பில் உள்ள கையெழுத்துச் சீட்டுகள், கடிதங்கள், நூல்களில் தரப்பட்ட இடக்குறிப்புகள், அவர் எந்த மாதத்தில் எங்கு பணியில் இருந்தார் என்னும் செய்தி ஆகியவற்றைக் கோத்து இன்றைய ஆய்வாளர்கள் விடுபட்ட இடங்களை மீட்க முயல்கின்றனர். ஆகவே அவருடைய பணிமாற்றங்களின் வரலாறும் தாவரவியலுக்குப் பயன்படுகிறது. 1915 முதல் 1936 வரை வெளிவந்த சென்னை மாகாணத் தாவரநூலில் கேம்பிளும் அவருக்குப் பின் ஃபிஷரும் வைட்டின் சிற்றினங்களை மறுபடி சோதித்து, ஒவ்வொன்றின் மாவட்டப் பரவலையும் தந்தனர். தமிழ்நாட்டில் களப்பணி செய்வோர் இன்றும் கையிலெடுக்கும் நூல் அது.

இறுதிக் காலம்

வைட் 1838-ல் ரோசா ஹாரியட் ஃபோர்டை மணந்தார். 1853-ல் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பி, ரெடிங் நகருக்கு அருகில் கிரேசிலி என்னுமிடத்தில் நிலம் வாங்கி உழவில் ஈடுபட்டார். 1855-ல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தித் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, 1861-62-ல் பருத்திச் சாகுபடி பற்றித் தொடர் கட்டுரைகள் எழுதினார். அதற்குமேல் தாவரவியலில் பெரிதாக எதுவும் வெளியிடவில்லை. தம் உலர்தாவரத் தொகுப்பை இறப்பதற்குச் சற்று முன் கியூ தோட்டத்துக்கு அளித்தார். 1872 மே 26 அன்று கிரேசிலியில் காலமானார். ஹூக்கரின் மகன் ஜோசப் ஹூக்கர் பதிப்பித்த பிரித்தானிய இந்தியத் தாவரநூலின் முதல் பகுதி வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். அந்நூலின் தென்னிந்தியப் பகுதிக்கு வைட்டின் மாதிரிகள் பெரிதும் பயன்பட்டன.

இவருடைய நினைவாக வைட்டியா என்னும் பேரினத்துக்கு வாலிச் பெயரிட்டார். குக்கில் பிசின் தரும் கோமிபோரா வைட்டி உள்ளிட்ட பல சிற்றினங்களும் இவர் பெயரைத் தாங்குகின்றன. ருங்கையாவும் கோவிந்துவும் வரைந்த எழுநூறுக்கும் மேற்பட்ட மூல ஓவியங்கள் எடின்பரோ அரச தாவரவியல் தோட்டத்தில் உள்ளன. அத்தோட்டத்தைச் சேர்ந்த ஹென்றி நோல்டி அவற்றை ஆராய்ந்து, வைட்டின் வாழ்வும் பணியும் பற்றி மூன்று தொகுதிகளாக 2007-ல் நூல் வெளியிட்டார்.